தந்தி சேர்ந்த தேதி

நியூஜெர்சி
11-2-1968

அன்புள்ள வள்ளித்தாய்க்கு,

நான் சுகம். இரண்டு வருடத்தில் கூட்டிப்போகிறேன் என்றவன் ஐந்தாவது வருடமும் சாக்குச் சொல்கிறேன். உன் கோபம் நியாயம்தான்.

என்ன வேலை என்று கேட்டிருந்தாய். காலியம், ஆர்சனிக் இரண்டோடும் சிறிது அலுமினியம் சேர்த்து உருக்கி, மெல்ல ஆறவிட்டுப் படிகம் வளர்க்கிறோம். குறுணையிலும் சிறிதாக நறுக்கி மின்சாரம் கொடுத்தால் லேசர் ஒளி வரும். ஆயிரம் பேருடைய பேச்சை அந்த ஒளியில் ஒரே நேரத்தில் அனுப்பலாம். இப்போதைக்குக் கடுங்குளிரில் வைத்தால்தான் விடாமல் ஒளிர்கிறது. கலவை சரியாக அமைந்ததும் உன்னை அழைத்துக்கொள்கிறேன்.

தம்பி பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறானாமே? வேண்டாம் என்று சொல்.

உன்
சோலைச்சாமி

வெம்பக்கோட்டை
3-3-1968

அன்பு மிகுந்த அத்தானுக்கு,

கொழுந்தனாரிடம் சொன்னேன். "மழையில்லாத காட்டை உழுது என்னத்தப் பாக்க மதினி? அண்ணன் படிக்கட்டும்னு அஞ்சாவதோட நின்னேன். அது நல்லா இருந்தாச் சரி" என்று சிரிக்கிறார். மருந்து கலக்கும் அறையில் வேலையாம். உங்கள் கடிதங்களைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டுகிறார். அவருக்கென்று ஒரு வரி எழுதக் கூடாதா?

வள்ளித்தாய்

நியூஜெர்சி
20-5-1968

வள்ளித்தாய்,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். மருந்து அறை வெடித்துப் பதினோரு நாள் தீக்காயத்தோடு கிடந்தானா தம்பி உக்கிரபாண்டி! நான் வெளியூர் கருத்தரங்கில் இருந்தேன். தந்தி கைக்கு வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு நாள் முன்னால் தெரிந்திருந்தாலும் பறந்து வந்திருப்பேன்.

புதுக் கலவை எதிர்பார்த்ததைவிட நன்றாக அமைந்தது. வேலை நிரந்தரமாகிவிட்டது. விசாப் பத்திரம் இத்துடன் இருக்கிறது. கையெழுத்திட்டு அனுப்பு.

சோலைச்சாமி

வெம்பக்கோட்டை
9-6-1968

அத்தானுக்கு,

தந்தி அடித்தது நான்தான். "சேர்ந்ததுக்குத் தகவல் வேணுமாம்மா?" என்று தபால் ஆபீசில் கேட்டார்கள். வேண்டும் என்றேன். ஏப்ரல் 19-ஆம் தேதி உங்கள் கையில் கொடுத்ததாகப் பதில் வந்தது. கொழுந்தனார் இறந்தது 29-ஆம் தேதி.

அந்தப் பதிலை அவருக்குப் படித்துக் காட்டினேன். "கெடச்சிருச்சுல்ல மதினி, அண்ணன் கெளம்பிருக்கும்" என்றார். மெட்ராஸ் ரயில் வரும் நேரமெல்லாம் விருதுநகர் ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பச் சொன்னார். கடைசி இரண்டு நாள் உங்களைப் பற்றிக் கேட்கவே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என்ன நடந்தது?

வள்ளித்தாய்

நியூஜெர்சி
30-6-1968

வள்ளித்தாய்,

கருத்தரங்கு பொய். வேறொரு ஆய்வுக்கூடம் எங்களை முந்தும் நிலையில் இருந்தது. அந்த வாரம் உலையை விட்டு நகர்ந்தால் ஐந்து வருட உழைப்பும் போய்விடும் என்று பயந்தேன். தம்பி பிழைத்துவிடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தந்தியை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினேன். நீயாவது வா.

சோலைச்சாமி

வெம்பக்கோட்டை
21-7-1968

அத்தானுக்கு,

விசாப் பத்திரத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போடவில்லை. டீச்சர் டிரெயினிங்கில் இடம் கிடைத்திருக்கிறது. ஆடி கழிந்ததும் விருதுநகரில் சேர்கிறேன். இனி எழுத வேண்டாம்.

ஊரில் கேட்பவர்களிடம், தந்தி உங்களுக்குத் தாமதமாகக் கிடைத்தது என்றே சொல்கிறேன். உங்களுக்காக இல்லை. அண்ணன் தெரிந்தும் வரவில்லை என்று கொழுந்தனாரை நினைத்து யாரும் பரிதாபப்படக் கூடாது.

வள்ளித்தாய்