ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு காவல்

மே 6, புதன்

காலை எட்டுக்கே அனல். ராசிபுரத்திலிருந்து நாமக்கல் வரை நின்றபடியே பயணம்.

வாங்க: மகள் மெர்சிக்கு வெள்ளை சாக்ஸ், ஹேர்பின், நீள மெழுகுவர்த்தி ஒன்று. கிரீடம் வந்தாயிற்று. ஞாயிறு ஏழரைப் பூசையில் அவளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நன்மை வாங்கும் நாள்.

மதியம் சே. (மெர்சி அப்பா) போன். சோலாப்பூர் பக்கம் கியர் பாக்ஸ் போய், பஞ்சு பேல் லோடோடு வண்டி ஒர்க்‌ஷாப்பில். "நாளைக்குச் சாயந்தரம் ரெடியாயிரும் புள்ள. ஞாயித்துக்கெழமை கோயிலுக்கு வந்துருவேன்னு மெர்சிகிட்டச் சொல்லிப்போடு." போன வருஷப் பிறந்தநாளுக்கும் இதையேதான் சொன்னார். பள்ளி ஆண்டு விழாவுக்கும். எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அவளுக்கு இன்னும் இருக்கிறது, அதுதான் பயம்.

லாரி ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு. பிரௌசர் தானே புதுப்பித்துக்கொண்டதாம். அதிலிருந்து எந்தப் பக்கம் திறந்தாலும் வெள்ளை. இன்று பில் போடும் வேலை இல்லை. நாளை பார்க்கலாம்.

மே 7, வியாழன்

மேகம் கட்டியது, பெய்யவில்லை. புழுக்கம்.

சே. வண்டியின் இ-வே பில், சரக்கு கொண்டுபோகும் அனுமதிச் சீட்டு, இன்று நள்ளிரவோடு முடிகிறது. ஒர்க்‌ஷாப்பில் நின்றதில் நாள் போய்விட்டது. அரசு சைட்டில் நீட்டிக்க வேண்டும். முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்பும், முடிந்தபின் எட்டு மணி நேரம் வரையும்தான் அது நடக்கும். அதாவது இன்று மாலை நாலு முதல் நாளைக் காலை எட்டு வரை. விட்டால் செக்போஸ்ட்டில் வண்டியைப் பிடித்து வைப்பார்கள். எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியாது.

நாலு மணி. பிரௌசர் வெள்ளை. மோடத்தை அணைத்துப் போட்டேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். தேதி, நேரம் சரி. பழைய கோப்புகளை அழிக்கலாமென்றால் செட்டிங்ஸ் பக்கமும் வெள்ளை. நடுவில் ஒரு தரம் "இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று வந்து, அதுவும் போயிற்று.

போனில் முயன்றேன். பாஸ்வேர்டு தெரியவில்லை. வேலையை விட்டுப் போன பழைய ஆள் அந்த பிரௌசருக்குள்ளேயே சேமித்து வைத்தது, இதுவரை கேட்க அவசியம் வரவில்லை. ஊகித்து இரண்டு தரம் போட்டேன். தப்பு. மூன்றாவதும் தப்பானால் கணக்கு பூட்டிக்கொள்ளுமாம். கையை எடுத்துவிட்டேன்.

ஐந்தரை. சே. போன்: "வண்டி ரெடி புள்ள. பில்லு வந்தா உடனே எடுத்துருவேன்."

முதலாளி வந்து நாற்காலியை இழுத்து என் எதிரிலேயே உட்கார்ந்தார். "ஏம்மா ரெஜினா, நல்லா ஓடிட்டிருந்த பொட்டி. எவன் என்னத்தப் போட்டுக் கெடுத்து வெச்சான்? தெரிஞ்சா அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிப்போடுவேன்."

ஆறு மணிக்கு சேலம் பிரகாஷைப் பிடித்தேன். எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்ப்பவர். ஆத்தூரில் கல்யாண வீட்டில் இருந்தார், மேளச் சத்தம். முதலாளி ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"அக்கா, பிரௌசர எடுத்துட்டுப் புதுசா போட்டுறலாமா?"

"பாஸ்வேர்டு அதுக்குள்ளதான் இருக்குதுங்க."

"அய்யோ, அப்ப தொடாதீங்க. ஆன்டிவைரஸ் நான் போட்டது ஒண்ணுதான? வேற எதுவும் போடலியே? ரெண்டு இருந்தா ஒண்ணோட ஒண்ணு சண்டை போட்டு பிரௌசர அமுக்கிரும்."

முதலாளி என் முகத்தைப் பார்த்தார்.

"இல்லீங்க. ஒண்ணுதான்" என்றேன்.

திரையின் மூலையில் இரண்டு கேடயச் சின்னங்கள். ஒன்று பச்சை, ஒன்று நீலம். நீலத்தைப் போட்டது நான்.

போன அமாவாசை. வண்டிகளுக்கெல்லாம் புது எலுமிச்சம்பழம், மிளகாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். அன்று காலைதான் ஒரு வைரஸ் மெயில் வந்து எனக்கு உதறல். எங்கள் வண்டிக்கே முன்னால் எலுமிச்சை, பின்னால் திருஷ்டிப் பொம்மை, டேஷ்போர்டில் மாதா. சே. எதையும் கழற்ற விடமாட்டார். கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒரு காவல் போதுமா என்று தோன்றியது. இன்னொரு ஆன்டிவைரஸ் இலவசமாகக் கிடைத்தது, போட்டுவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வாரம் ஒரு தொந்தரவும் இல்லை.

பிரகாஷ் கேட்டபோதே எடுத்திருக்கலாம். முதலாளி நகரவே இல்லை. ஏழரைக்கு ஆபீஸைப் பூட்டிச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்தார். "காலைல பாத்துக்கலாம், போம்மா."

சே.யிடம்: "சைட்டு வேலை செய்யலீங்க." அதுவும் முழு உண்மை இல்லை.

மே 8, வெள்ளி

ஐந்தரை பஸ். வாட்ச்மேன் பல் துலக்கிக்கொண்டிருந்தார். "ஏனுங்க, இந்நேரத்துக்கே?" சாவியை வாங்கினேன்.

பஸ்ஸிலிருந்தே பிரகாஷுக்குச் சொல்லிவிட்டேன். "அக்கா, இத நேத்தே சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷ வேலை." திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

6.40 நீலத்தை நீக்கக் கொடுத்தேன். "உறுதியா?" என்று மூன்று முறை கேட்டது.
6.55 அணைத்துப் போடச் சொன்னது.
7.00 "புதுப்பிக்கப்படுகிறது, அணைக்க வேண்டாம்." வட்டம் சுற்றுகிறது.
7.20 சுற்றுகிறது. ஜெபமாலை வீட்டில். விரலில் எண்ணினேன்.
7.38 திரை வந்தது. மூலையில் பச்சை மட்டும்.
7.41 பக்கம் திறந்தது! பாஸ்வேர்டு கட்டத்தில் கறுப்புப் புள்ளிகள் தாமாக நிறைந்தன. அழுகை வந்துவிட்டது.

நீட்டிக்கக் காரணம்: வாகனக் கோளாறு. அடுத்து, வண்டி நிற்கும் இடத்தின் பின்கோடு. யாருக்குத் தெரியும்? சே.க்குப் போன் போட்டேன். "இரு, டீக்கடைக்காரர்கிட்டக் கேக்கறேன்." அவர் இந்தியில் கேட்பதும், யாரோ சிரிப்பதும் கேட்டது. ஆறு எண்கள். இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னேன்.

7.54 நீட்டிக்கப்பட்டது.

"எடுத்துட்டேன் புள்ள" என்றார். பின்னால் என்ஜின் சத்தம்.

ஒன்பதுக்கு முதலாளி. "சரியாப் போச்சா? என்னவாம்?"

"தானா சரியாயிருச்சுங்க."

மே 9, சனி

சாயந்தரம் நாலு தூறல். மண் வாசனை கூட இல்லை, சூடுதான் கிளம்பியது.

சாக்ஸ் ஒரு சுற்று பெரிசு. மாற்ற நேரமில்லை.

பிள்ளைகளோடு பெற்றோரும் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். மெர்சி ஒரு நிமிடத்தில் முடித்து வந்தாள். நான் சாமியாரிடம் ஆன்டிவைரஸ் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதாயிற்று. பொறுமையாகக் கேட்டார். "மெஷின விடும்மா. பொய்யினால யாருக்கு நஷ்டம்? அவங்ககிட்டச் சொல்லணும்."

சே. இரவு எட்டு மணிக்குப் பெங்களூருக்கு முன்னால். ஊருக்குள் லாரியை விடும் நேரம் வரவில்லையாம், நிற்கிறார். ஒற்றை ஆள், கண் எரிகிறது என்றார். தூங்காமல் ஓட்ட வேண்டாம் என்றேன். சொல்லிவிட்டு, வந்துவிட வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். இரண்டையும் ஒரே மூச்சில்.

மே 10, ஞாயிறு

வெயில். பூசைக்குள் மெர்சி முப்பத்திரண்டு தரம் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். எண்ணினேன். நன்மை வாங்கிய பிறகு பார்க்கவில்லை.

பூசை ஒன்பதுக்கு முடிந்தது. அவர் வந்தது ஒன்பது நாற்பதுக்கு. லாரியை மெயின் ரோட்டில் விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார், சட்டையெல்லாம் பஞ்சு. மெர்சி கிரீடத்தைக் கழற்றாமல் மாதா சிலை வைத்த கெபி அருகே நின்றிருந்தாள்.

"ஒர்க்‌ஷாப்காரன் ஒரு நாளத் தின்னுப்போட்டான் சாமி" என்றார் அவளிடம்.

"பரவால்லப்பா" என்றாள். பெரிய மனுஷி போல. அழுதிருந்தால் தேவலை.

ஒர்க்‌ஷாப்காரன் தின்றது ஒரு நாள். நான் தின்றது பதினான்கு மணி நேரம். அதில் இரண்டரை மணி நேரம் போதும், பூசை தொடங்கும் முன்பே வந்திருப்பார்.

மதியம் அவள் தோழி வீட்டுக்குக் கேக் கொடுக்கப் போனபோது அவரிடம் சொன்னேன். நீலக் கேடயம், ஸ்பீக்கர், முதலாளி, "ஒண்ணுதான்." எல்லாம். பிசைந்த சோற்றில் கை அப்படியே நின்றது. முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கத்துவார் என்று இருந்தேன்.

வாசலில் மெர்சியின் செருப்புச் சத்தம்.

"அவகிட்டச் சொல்லிப்போடாத" என்றார், மெதுவாக. "ஒர்க்‌ஷாப்காரனாவே இருக்கட்டும்."

சரி என்றேன். ஒரு பொய்க்கு இப்போது இரண்டு காவல்.