நூற்றிருபது ரொட்டி

பெயர் சொல்லக் கூடாத ஒரு கிழக்குக் கரைத் துறைமுகம்,
1943 ஜனவரி 10, ஞாயிறு.

என் அக்காள் பெற்ற ஒரே செல்வமான வெர்னாவுக்கு,

கனடா தேசத்து ரொட்டிச் சக்கரவர்த்தி ஏமோஸ் நிக்கிள், அடுப்படிச் சிம்மாசனத்தில் அமர்ந்து எழுதுவது. நானும் உன் செல்மா அத்தையும் உயிரோடு இருக்கிறோம். அத்தையின் இடது முழங்கால் மட்டும் அரசாங்கத்துக்கு எதிராகக் கிளர்ச்சி செய்துகொண்டிருக்கிறது. அங்கே நீயும், உன் மாமனார் மாமியாரும், நான் இன்னும் கண்ணால் பார்க்காத சின்ன மகாராணி டோராவும் சுகமா? சஸ்காட்செவனில் குளிரில் பேசினால் வார்த்தை உறைந்து கீழே விழுகிறதாமே. பொறுக்கிவைத்திரு, வசந்தத்தில் உருக்கிக் கேட்கலாம்.

மேலே ஊர்ப் பெயரை ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். எங்கள் ஊர்ப் பெயரைப் பத்திரிகைகள் அச்சடிக்கக் கூடாது. 'ஒரு கிழக்குக் கரைத் துறைமுகம்' என்றுதான் போடுகிறார்கள். எதிரி குழம்பிப்போவானாம். கடித உறையின் மேல் தபால் ஆபீசில் ஹாலிஃபாக்ஸ் என்று கொட்டை எழுத்தில் முத்திரை குத்தி அனுப்புகிறார்கள். அது வேறு இலாகா.

மார்ச்சில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரலாமா, உன் கடற்படைப் புருஷன் ஆர்வில் கரைக்கு வரும்போது அவனுக்கு மகளைக் காட்ட வேண்டும், தங்க இடம் கிடைக்குமா என்று கேட்டிருந்தாய். வெர்னா, இந்த ஊரில் இப்போது நாற்பது லட்சம் பேர் நாலு தெருவில் இருக்கிறோம். ஒரே கட்டிலை மூன்று பேருக்கு முறைவைத்து வாடகைக்கு விடுகிறார்கள். போன வாரம் ஒருவன் முறை முடிந்தும் எழுந்திருக்கவில்லை. அடுத்தவன் அவன் மேலேயே படுத்தான், மூன்றாமவன் அதற்கு மேலே. இப்போது மூவருக்கும் ஒரே கனவு வருகிறதாம். டிராம் வண்டியில் ஏறுகிறவர்கள் இறங்கும்போது அடுத்தவன் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்குகிறார்கள்.

ஆனாலும் நீ வா. அடுப்புக்கு மேலே மாவு மூட்டை அடுக்கும் பரண் இருக்கிறதே, அதை அரண்மனையாக்கிவிடுகிறேன். முந்நூறு சன்னல், தங்கத் தொட்டில், கீழேயிருந்து இரவும் பகலும் அடுப்புச் சூடு. இதை எழுதும்போது அத்தை தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, எல்லாவற்றையும் பத்தால் வகுத்துக்கொள்ளும்படி உன்னிடம் சொல்லச் சொல்கிறாள். நீ மட்டும் சளைத்தவளா? கல்யாணத்தன்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னாய்: "மாமா என்னைக்காவது ஒரு கணக்கை உள்ளபடி சொன்னார்னா, நான் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்துக்குவேன்." உன்னை நாற்காலி தேட விடமாட்டேன், பயப்படாதே.

வியாபாரம் ஓகோ. ரொட்டியைத் துண்டு போட்டு விற்பது இப்போது குற்றம், தெரியுமா? ஒட்டாவாவில் உத்தரவு போட்டார்கள், பெர்லினில் நடுங்கிப்போய்விட்டார்களாம். எதிர்வீட்டு பூட்லியர் அம்மாவுக்கு என் ஜெர்மன் பெயர் மேல் சந்தேகம். இருநூறு வருஷத்துக்கு முன் என் முப்பாட்டனுக்குப் பாட்டன் கப்பலிலிருந்து இறங்கிய குற்றத்துக்கு, நான் முட்டைக்கோஸ் புளிக்கவைக்கும் பீப்பாய் வழியாக நீர்மூழ்கிக் கப்பல்களோடு பேசுகிறேனாம். ஆனால் தினமும் முதல் ஆளாக வரிசையில் நின்று, ஒரே ஒரு ரொட்டிதானா என்று என்னைத் திட்டிவிட்டு வாங்கிப்போவதும் அவள்தான்.

பத்திரிகையில் வராத செய்தியெல்லாம் எங்கள் கடையில் தெரிந்துவிடும். கடற்படைக் கப்பல் தளத்திலிருந்து முன்கூட்டியே தொலைபேசி வரும், கரைக்கு வரப்போகும் கப்பலுக்கு இந்த நாளுக்கு இத்தனை ரொட்டி என்று. கடையில் ரொட்டி தட்டுப்பாடு என்றால் கப்பல்கள் உள்ளே வருகின்றன. அன்று வரிசையில் நிற்கும் பெண்கள் என்னைத் திட்டிக்கொண்டே சிரிப்பார்கள். கப்பல் தாமதமானால், ரொட்டியைச் செவ்வாய்க்குத் தள்ளு, புதனுக்குத் தள்ளு என்பார்கள். நவம்பரில் ஒரு நாள் எதற்கும் தள்ளச் சொல்லவில்லை. வேண்டாம் என்று மட்டும் சொன்னார்கள். சுட்டு முடித்த ரொட்டி கடைப் பலகையில் மிச்சமாக நின்றது. அன்று வரிசையில் யாரும் என்னைத் திட்டவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு இஷ்டமில்லை.

குழந்தைக்கு ஆயிரம் முத்தம். பத்தால் வகுத்தாலும் நூறு மிஞ்சும்.

மாவுக்கும் ஈஸ்டுக்கும் மன்னன்,
உன் தாய்மாமன் ஏமோஸ்.


அதே துறைமுகம், அதே ரகசியம்,
1943 பிப்ரவரி 7, ஞாயிறு.

டிக்கெட் வாங்கிவிட்ட வீராங்கனை வெர்னாவுக்கு,

மார்ச் ஒன்பதாம் தேதி ரயில் என்று எழுதியிருந்தாய். ஐந்து நாள் பயணம். நான் பட்டாளத்து வாத்தியக் கோஷ்டியோடு ரயிலடியில் நிற்பேன். யானையும் கேட்டிருக்கிறேன்.

ஆர்வில் வந்திருந்தான். இரண்டு நாள் இருந்தான். நாங்கள் பெற்ற பிள்ளை இல்லை என்று நீ வந்து ஞாபகப்படுத்தினால்தான் உண்டு. கோதுமை வயலில் பிறந்து, குளத்தைத் தவிர வேறு தண்ணீர் பார்க்காத பயலைப் பிடித்துக் கடலில் விட்டிருக்கிறார்கள். முதல் பயணத்தில் அவன் எடுத்த வாந்தியில் அட்லாண்டிக் ஓரடி உயர்ந்து, அயர்லாந்தில் மூன்று கிராமங்களில் வெள்ளம். இப்போது பழகிவிட்டானாம். குளிர் பழகவில்லை என்றான். கப்பலின் மேல்தளத்தில் பனிக்கட்டி ஏறிக்கொண்டே போகுமாம். கோடாலியும் கட்டையும் எடுத்துக்கொண்டு ஆளாளுக்கு அடித்து உதிர்ப்பார்களாம், உதிர்க்காவிட்டால் கப்பல் தலைபாரத்தில் கவிழ்ந்துவிடுமாம். சொல்லிவிட்டு ஒரு தட்டு பன்றியிறைச்சியும் முட்டைக்கோஸும் தின்றான். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றான். நான் சொல்லவில்லை, பேனாதான் சொல்கிறது.

பரணுக்கு ஏறியதும் மாவு மூட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தான். ஒரு மூட்டையில் உங்கள் ஊர் ரயில் பாதையில் இருக்கும் மில்லின் பெயர். ஒரு சிட்டிகை மாவை நாக்கில் வைத்துப் பார்த்து, அது அவன் அப்பாவின் கோதுமைதான் என்று சத்தியம் செய்தான். நான்கூட இவ்வளவு பெரிய பொய் சொன்னதில்லை. அந்த மூட்டை மேலேயே படுத்து மூன்று வாரம் தூங்கினான். (பதினாலு மணி நேரம், அத்தை திருத்துகிறாள்.) எழுந்ததும் உனக்காக ஒரு கட்டில் அடித்தான். பலகை கொஞ்சம் கோணல். ஆணிகள் மட்டும் யானை படுத்தாலும் தாங்கும்.

பிறகு ஒரு பெரிய சர்ச்சை வந்தது. ஏழு மாசக் குழந்தை எவ்வளவு உயரம் இருக்கும்? நீ அனுப்பிய போட்டோவில் டோரா போர்வைக்குள் இருக்கிறாள், கணக்கு தெரியவில்லை. நான் எட்டு ரொட்டி நீளம் என்றேன். ஆர்வில் யோசித்து யோசித்து, ரொட்டிகளைச் செங்குத்தாக ஒன்றன்மேல் ஒன்று பரண் கதவுநிலையோடு சேர்த்து நிறுத்தி, இரண்டே முக்கால் ரொட்டி என்று முடிவுகட்டிச் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டான். போட்டுவிட்டு அந்தக் கோட்டின் மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றான். "மார்ச்சுல இங்க கொண்டாந்து நிறுத்திப் பாப்போம் மாமா. தோத்தவன் அடுப்பைச் சுத்தம் பண்ணணும்" என்றான். பந்தயம் கட்டியாயிற்று. நீ நடுவர்.

இனி எப்போது வருவான் என்று நான் எழுதக் கூடாது. கப்பலைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று தெருவெல்லாம் சுவரொட்டி. ரொட்டியைப் பற்றி எழுதச் சட்டம் தடுக்கவில்லை. ஆகவே எழுதுகிறேன்: அவர்களுக்கு இந்த மாதம் கடைசி வெள்ளிக்கிழமைக்குப் பத்தாயிரம் ரொட்டி சொல்லிவைத்திருக்கிறார்கள். பிறகு மார்ச் முழுக்க தினமும் ரொட்டி, ஏனென்றால் அதன் பாய்லரைக் கழுவ வேண்டும். ரொட்டிக்கு ஏது பாய்லர் என்று யாராவது கேட்டால் நீ திருதிருவென்று விழி.

டோராவை நிறையச் சாப்பிட வை. எட்டு ரொட்டிக்கு வளர்ந்தாக வேண்டும்.

அரண்மனைக் காவலன்,
ஏமோஸ் மாமா.


ஹாலிஃபாக்ஸ்,
1943 பிப்ரவரி 27, சனிக்கிழமை.

வெர்னாவுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டுப் படி.

நேற்று வெள்ளிக்கிழமை. நூற்றிருபது ரொட்டி சுட்டோம். காலை எட்டு மணிக்கு அவை தட்டில் ஆறிக்கொண்டிருந்தன. எட்டேகாலுக்குக் கப்பல் தளத்திலிருந்து தொலைபேசி வந்தது. எப்போதும் பேசுகிற ரீட்டா என்ற பெண்தான். இன்றைக்குச் சொன்ன ரொட்டி வேண்டாம் என்றாள். சரி, திங்கட்கிழமைக்குத் தள்ளட்டுமா என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "திங்கட்கிழமைக்கும் வேணாம், மிஸ்டர் நிக்கிள். எந்தக் கிழமைக்கும் வேணாம்."

அவ்வளவுதான் அவள் சொன்னது. நான் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை.

மாவை வீணாக்கக் கூடாது. ரொட்டிகளைக் கடைப் பலகையில் எடுத்துவைத்தோம். ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தேன். வரிசையில் முப்பத்தோரு பேர் இருந்தார்கள். பலகையைப் பார்த்தார்கள். பூட்லியர் அம்மா முதல் ஆள். அவளுடைய மகனும் கடற்படையில்தான், வேறு கப்பல். எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். அவள் ஒன்றே ஒன்று எடுத்தாள். திட்டவில்லை. பலகைக்கு இந்தப் பக்கம் வந்து உன் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது யாருக்கான ரொட்டி என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அத்தையின் முகத்தைப் பார்த்திருப்பாள். மத்தியானம் வரை எழுபத்தெட்டு விற்றது. மீதி நாற்பத்திரண்டைத் தேவாலயத்துக்கு அனுப்பிவிட்டோம். நாங்கள் அதில் ஒன்றையும் தொடவில்லை.

எனக்கு எதுவும் தெரியாது, வெர்னா. எனக்கு ரொட்டியைப் பற்றி மட்டும்தான் தெரியும். கடற்படைக்காரர்கள் உறுதி செய்துகொள்ளும்வரை வீட்டாருக்குத் தந்தி அனுப்ப மாட்டார்கள். நவம்பரில் அந்தக் கப்பலுக்குப் பதினேழு நாள் ஆயிற்று. அந்தக் கணக்குப்படி பார்த்தால், தந்தி உங்கள் ஊர் ரயில்நிலையத்துக்கு வரும்போது நீ ரயிலில் இருப்பாய், அல்லது இங்கே வந்து இறங்கியிருப்பாய். நான் ரயிலடியில் நிற்பேன். உன் முகத்தில் சந்தோஷம் இருக்கும். அதை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் முதலில் வேறு ஒரு கடிதம் எழுதினேன். ஊரில் அம்மை பரவுகிறது, பரணில் பசு அளவுக்கு எலி, மார்ச்சில் வராதே என்று நாலு பக்கம் எழுதினேன். அத்தை வாங்கிப் படித்தாள். "பொய் சொல்லி அவளை நிறுத்தினா, இனிமே நீங்க சொல்ற எதுக்கும் அவ சிரிக்க மாட்டா" என்று சொல்லி அதை அடுப்பில் போட்டாள். அதன் பிறகு இதை எழுத ஒரு நாள் பிடித்திருக்கிறது.

நான் கேட்பது இதுதான். ஒன்பதாம் தேதி ரயிலில் நீ தனியாக ஏறாதே. டிக்கெட்டைத் தள்ளிப்போடு. வீட்டிலேயே இரு. ரயில்நிலைய அதிகாரி வண்டி கட்டிக்கொண்டு உங்கள் வாசலுக்கு வருகிற நாளில் உன் மாமியார் உன் பக்கத்தில் இருக்கட்டும். அவர்களும் ஒரு மகனைப் பெற்றவர்கள். அவர்களுக்கு இதைச் சொல்வதா, சொல்லாமல் இருப்பதா என்று உனக்கு யோசனை சொல்ல எனக்குத் தெரியவில்லை.

யாரும் வராமல், ஆர்விலே கடிதம் போட்டால், நான் உலகத்திலேயே பெரிய முட்டாள். அதை நீ பத்தால் வகுக்க வேண்டாம். அந்த முட்டாளாக இருக்கத்தான் நேற்று முதல் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

எப்படி இருந்தாலும் அதன் பிறகு வா. உன் மாமனார் துணைக்கு வந்தால் அவருக்கும் இடம் இருக்கிறது. பரணில் ஒரு சன்னல்தான். அது துறைமுகத்தைப் பார்த்து இல்லை, பின்கட்டைப் பார்த்து. கட்டில் ஒன்று. தொட்டில் இல்லை, ஒரு ஆப்பிள் பெட்டியில் அத்தை மெத்தை தைத்துப் போட்டிருக்கிறாள். சூடு உண்டு, அது மட்டும் நான் முதலில் எழுதியபடியே. எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. அந்த மில்லின் பெயர் போட்ட மூட்டையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறோம்.

நான் இன்று அடுப்பைச் சுத்தம் செய்தேன். தோற்றவன் செய்ய வேண்டிய வேலை. எட்டு ரொட்டி நீளத்துக்கு எந்தக் குழந்தையும் இருக்காது என்று எனக்கு அன்றே தெரியும்.

பிறகு மேலே போய் அந்தக் கோட்டை அளந்தேன். தரையிலிருந்து இருபத்தேழு அங்குலம். அத்தை பரணைப் பெருக்கும்போது கதவுநிலைப் பக்கம் துடைப்பத்தைக் கொண்டுபோவதில்லை. டோராவைக் கொண்டுவந்து அங்கே நிறுத்து. சரியாக இருக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டும்.

ஆண்டவர் உன்னையும் குழந்தையையும் தம் கைக்குள் வைத்திருக்கட்டும்.

மாமா.