ஒன்றரை வரி

கோச்சடை,
மதுரை-16.
ஏப்ரல் 19, சனிக்கிழமை

கிறிஸ்துராஜ் அண்ணனுக்கு ஜாய்ஸ் எழுதுவது. ஸ்தோத்திரம்.

அன்புள்ள என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. உன் மகள் பியூலா நலம். நான் நலம். தண்ணீர் மோட்டார் மட்டும் மறுபடி மக்கர் செய்கிறது.

லீவில் வந்த உன் கூட்டாளி ராம்கி திங்கட்கிழமை மஸ்கட் திரும்புகிறான். இந்தக் கடிதத்தை உறையில் ஒட்டி அவனிடம் கொடுத்துவிடுவேன். இவ்வளவையும் போனில் பேசியே அனுப்பியிருக்கலாம். உனக்கு அதுதான் வசதி என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் தாளில் எழுதுகிறேன்.

போன ஞாயிறு நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இன்னும் என் போனில் இருக்கிறது. "பதினாலு வயசுப் பிள்ளைக்கு உக்காந்து கதை வாசிச்சுக்கிட்டிருக்க, அவ என்ன கைக்குழந்தையா? புஸ்தகம் புஸ்தகம்னு நீதான் முப்பத்திரண்டு வயசுல தனியா நிக்கிற, அவளையும் அப்புடி ஆக்கிறாத. ஜூன்ல ஹாஸ்டல்ல தள்ளிவிடு, தன்னால படிப்பு வரும்" என்றாய். பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்குக் கல்யாணம் ஆகாதது உன் கூட்டாளிகளுக்கு டீ நேரத்துப் பேச்சாக இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் நான் அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன். அடுப்படியில் நின்ற பியூலாவும் கேட்டுவிட்டாள். அது என் தப்பு. மற்றதெல்லாம் உன்னுடையது.

அன்றிலிருந்து நான் புத்தகத்தை எடுத்தால் அவள் எழுந்து போய்விடுகிறாள்.

வீடியோ காலில் அரை நிமிடம் பார்த்துவிட்டு நீ தீர்ப்புச் சொன்ன விஷயம் எப்படித் தொடங்கியது என்று கேட்கவே இல்லை. நானே சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தில் நம் வழக்கம் உனக்குத் தெரியும். வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வசனம் வாசிக்க வேண்டும். எதிர்வீட்டு டீச்சர் முதலில், அடுத்து நான், மூன்றாவது பியூலா. ஒரு எழுத்துப் பிசகாமல் வாசிப்பாள். கணீரென்று வாசிக்கிறாளே என்று போனில் கேட்டு நீயும் பெருமைப்பட்டிருக்கிறாய். பள்ளியில் மட்டும் தமிழில் முப்பத்தொன்று, அறிவியலில் இருபத்தாறு. நீ சோம்பேறி என்றாய். நானும் அதைத்தான் நினைத்தேன்.

நவம்பரில் ஒரு வெள்ளி, சபைக்குப் புதிதாக வந்திருக்கும் போதகரின் மனைவி, ஐயரம்மா, ஜெபத்துக்கு வந்தார். எனக்கும் பியூலாவுக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது வசனத்தை அவர் வாசித்தார். நான்காவது பியூலாவுக்கு. அவள் வரியின் மேல் விரலை ஓட்டி, அதே மூன்றாவது வசனத்தைக் கணீரென்று சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். "பிள்ளைக்கு மனசெல்லாம் போன்லதான் இருக்கு போல" என்றார் ஐயரம்மா. பியூலாவும் கூடவே சிரித்தாள். அவள் விரல் மட்டும் அந்த வரியிலேயே நின்றது.

நான் சிரிக்கவில்லை. அந்த விரலை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

எல்லாரும் போன பிறகு அவளிடம் கேட்டேன். சுவரில் ஒட்டிய வாசிப்பு அட்டவணையைப் பார்த்து, அதிகாரத்தைப் போனில் போட்டுக் கேட்டு, மூன்றாவது வசனத்தை மனப்பாடம் செய்வாளாம். மூன்று வருடமாக. எழுத்துகள் தெரிகின்றன, ஆனால் சேர்த்துப் பார்த்தால் ஓடிவிடுகின்றன என்றாள். அப்பாவிடம் சொல்லிவிடாதீங்க அத்தை என்று அழுதாள்.

அதன் பிறகுதான் தினமும் ஏழு மணிக்கு நான் வாசிக்கத் தொடங்கினேன். குழந்தைக் கதை இல்லை. காணாமல் போன தங்கையைத் தேடி உப்பளம் உப்பளமாக அலையும் ஒருத்தியின் கதை, நானூறு பக்கம். முதல் வாரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மூன்றாவது வாரம், "அத்தை, அந்த மேஸ்திரி இன்னும் சாகலையா?" என்று கேட்டாள். அப்புறம் என் தோளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் வாசிக்கும் வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து நகர்த்துவது அவள் வேலையாயிற்று. நீ வீடியோவில் பார்த்தது அதைத்தான்.

பன்னிரண்டாம் தேதி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. தங்கை கிடைக்கப்போகும் இடத்தில் நிறுத்திவிட்டேன். அவள் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். ஒன்றரை வரி வாசித்தாள், அண்ணே. மூன்று தப்பு. நான் திருத்தவில்லை, சுக்குத் தண்ணீர் குடிப்பதுபோல் டம்ளரை வாயிலேயே வைத்துக்கொண்டேன். இதுவரை யாரும் சொல்லக் கேட்காத வரியை அவள் தன் வாயால் வாசித்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் உன் மெசேஜ் வந்தது.

இனி உன் விஷயம். நம் அப்பா நடத்திய ஜெபத்தை மறந்துவிட்டாயா? நீ பத்தாம் வகுப்பு, நான் இரண்டாம் வகுப்பு. மத்தியானமே உன் வசனத்தை நான் உனக்குச் சொல்லித்தர வேண்டும், கூலி ஒரு தேன்மிட்டாய். ஒருநாள் விருந்தாள் வந்து இடம் மாறிப்போயிற்று. உன் விரலும் அப்படித்தான் வரியிலேயே நின்றது. அவர்கள் போனதும் அப்பா பெல்ட்டைக் கழற்றினார். சோம்பேறி, திமிர் என்று சொல்லிச் சொல்லி அடித்தார். எனக்குக் காரணம் தெரியும். ஏழு வயது, வாயில் உன் மிட்டாய். நான் பேசவில்லை. இன்றைக்குப் பேசுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தக் கடிதத்தை அங்கே விக்டோரியா அண்ணிதான் உனக்கு வாசித்துக்கொண்டிருப்பார். அவருக்கு எதிரில் உன்னை அவமானப்படுத்துகிறேன் என்று கொதிக்காதே. ஹோட்டலில் நீ ஒருநாளும் மெனுவைப் பார்க்காமல் "எனக்கும் அதே" என்பதை அவர் கல்யாணமான முதல் மாதமே கவனித்துவிட்டார். நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. நாற்பது வயதில் உன் பெண்டாட்டி உனக்கு வாசிக்கிறார், நீ கேட்கிறாய். உன்னை யாரும் கைக்குழந்தை என்று சொல்லவில்லை.

பியூலாவுக்கு உன்னைப் பற்றித் தெரியாது. இந்த உலகத்தில் தான் ஒருத்திதான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதைச் சொல்ல வேண்டியது நான் இல்லை.

ஹாஸ்டல்தான் என்று நீ முடிவாக நின்றால், அதை வாய்ஸ் மெசேஜில் சொல்லாதே. உன் கைப்பட நாலு வரி எழுதி, அவள் முகத்தைப் பார்த்து நீயே வாசித்துக் காட்டு. அப்புறம் பெட்டியைக் கட்டுகிறேன். முடியாது என்றால், ஒருநாள் ஏழு மணிக்குப் போன் செய்து, ஏன் முடியாது என்று அவளிடம் சொல். புத்தகத்தில் எழுபது பக்கம் மீதி இருக்கிறது. ஸ்கேலை உள்ளேயே வைத்திருக்கிறேன்.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும். உன்மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை.

அண்ணி, உங்களுக்குச் சிரமம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் பாதியில் எழுந்து போயிருந்தால், திரும்பி வந்ததும் பெல்ட் வருகிற இடத்திலிருந்து மறுபடி வாசியுங்கள்.

இப்படிக்கு,
உன் வசனங்களை உனக்குச் சொல்லித்தந்தவள்,
ஜாய்ஸ்