துறை திறக்குமென்று நான் விட்ட கதை

2007 பங்குனி, வியாழன் இரவு

தோணித் துறையை மூடி இன்றோடு மூன்று கிழமை. வாவிக்கு அக்கரையில் துவக்குச் சூடு, பின்னால் வயல் வட்டைக்குள்ளும் துவக்குச் சூடு, நடுவில் நாங்கள். வாயில் போட்டுக் கொறிக்க ஒரு செய்தி, ஒரு புதினம்கூட ஊரில் இல்லை. அந்தப் பஞ்சத்தில்தான் காலையில் கடைக்கார மச்சானிடம், “நாளைக்கு விடிய துறை திறக்கிறாங்களாம். புள்ளத்தாச்சிமாருக்கு முதல் தோணியாம்” என்று அவிழ்த்துவிட்டேன். அவன் முகம் மலர்வதைப் பார்க்கும் ஆசைதான்.

பின்னேரம் போய்ப் பார்த்தால் பாதி ஊர் பாயும் சட்டியுமாகத் துறையடியில் கிடக்கிறது. பக்கத்து வீட்டுச் சாந்திக்கு நிறைமாதம், ஆஸ்பத்திரியோ அக்கரையில். அவளும் வெட்டவெளி மணலில் குந்தியிருக்கிறாள். செல் விழுந்தால் ஒளிய அங்கே ஒரு பதுங்குகுழியும் இல்லை.

“புள்ள, எழும்பி வீட்ட போ. அது நான் கட்டிவிட்ட கதை” என்றேன்.

சாந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “போங்க மாமா, உங்கட பகிடியும் நீங்களும்! எங்கள எழுப்பிப்போட்டு முதல் தோணியில நீங்க ஏறப் பாக்கிறீங்க!”

எல்லோரும் சிரித்தார்கள். நான் கோயில் பக்கம் திரும்பிச் சத்தியம் பண்ணினேன். அதற்கு இன்னும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்தால் மனைவி மூட்டை கட்டி முடித்திருந்தாள். “சாந்திக்குப் பக்கத்தில எங்களுக்கும் இடம் புடிச்சீங்களா?” என்று கேட்டாள். ஓம் என்றேன்.

இதை மணலில் படுத்து நிலா வெளிச்சத்தில் எழுதுகிறேன். சாந்தி புரண்டு படுத்து, “மாமா, தோணி எத்தின மணிக்கு?” என்கிறாள்.

ஆறு மணிக்கு என்று சொல்லிவிட்டேன்.