இலுப்பை மரத்தடிக் கற்கள்

8-5-58, வியாழன்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. காலையிலிருந்து மூட்டை கட்டும் வேலை. அரிசி, பருப்பு, புளி, மஞ்சள் பொடி, மண்ணெண்ணெய், கொசுவலை, பாய், கஸ்தூரிக்கு மாற்றுப் பாவாடை. ஊறுகாய் ஜாடி உடையாமல் போய்ச் சேர்ந்தால் பெரிய காரியம்.

இவருக்கு வக்கான்ஸ் பித்து, லீவுக்கு வெளியூர் போய்த் தங்குகிற பித்து. பிரெஞ்சுக்காரர்களிடம் டிரைவராக இருந்தபோது ஒட்டிக்கொண்டது. லீவு விட்டால் துரைமார்கள் குடும்பத்தோடு ஏதாவது ஏரிக்கரையில் போய்த் தங்குவார்களாம். அதற்காகவே பழைய ரொட்டி வண்டி ஒன்றை வாங்கி, உள்ளே பலகை அடித்து, ஜன்னல் வெட்டி, வீடு மாதிரி ஆக்கிவிட்டார். எங்கள் நெல்லித்தோப்பே வந்து வேடிக்கை பார்த்தது. எதிர்வீட்டுக்காரி: "ஏன் சரசு, இருக்கற வீட்ட வுட்டுட்டு வண்டியில போய்ப் படுக்கப் போறியா?" ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல.

கஸ்தூரிக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்பது வயதுப் பெண், சமையலறையில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே நூறு கேள்வி. நடுவில் வெல்லத்தைத் திருடித் தின்றாள். முதுகில் ஒன்று வைத்தேன். சிரிக்கிறாள், கழுதை.

9-5, வெள்ளி

கள்ளக்குறிச்சி தாண்டி மலையடிவாரம். மாலை 4 மணிக்கு வந்து சேர்ந்தோம். இடுப்பு ஒடிந்துவிட்டது. வண்டிக்குள் இன்னும் ரொட்டி வாசனை.

ஏரி பெரிது. மூன்று பக்கமும் காடு. ஆள் இல்லை. ஒரு கொக்குகூட இல்லை. இவ்வளவு தண்ணீருக்கு ஒரு பறவையும் இல்லாதது என்னவோ போல் இருந்தது. அவரிடம் சொன்னேன். "கொக்கு பாக்கவா வந்தோம்?"

கை பிரேக் பிடிக்கவில்லை. சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கக் கரைமேட்டில் இருந்த இலுப்பை மரத்தடியிலிருந்து நாலு கல் எடுத்து வந்தார். ஸ்டவ்வும் வழியில் உடைந்துபோயிற்று (அவர் கட்டிய மூட்டை). மிச்சம் இருந்த மூன்று கல்லை அடுப்புக்கு நான் எடுத்துக்கொண்டேன். எல்லாம் ஒரே உயரம், வழவழப்பு. யாரோ நமக்காகவே வரிசையாக வைத்துவிட்டுப் போன மாதிரி. நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

சோறு, வத்தக்குழம்பு. ஊறுகாய் ஜாடி பிழைத்தது.

10-5, சனி

காலையில் கதவைத் திறந்தால் தண்ணீர் பக்கத்தில். வண்டி ஒரு ஆள் நீளத்துக்கு ஏரிப் பக்கம் போயிருக்கிறது. "சரிவு, எறங்கியிருக்கும்" என்றார். சரி. ஆனால் நாலு கல்லும் சக்கரத்தடியில் அசையாமல் முட்டுக் கொடுத்தபடிதான் இருக்கின்றன. மண்ணில் சக்கரத் தடம் இல்லை. அதையும் சொன்னேன். காதில் வாங்கவில்லை.

கஸ்தூரிக்கு விளையாட ஆள் கிடைத்துவிட்டது. "ஏழு அக்காங்கம்மா! எல்லாம் ஈரப் பாவாட!" பக்கத்து ஊர்ப் பெண்களாக இருக்கும். நான் எட்டிப் பார்த்தபோது யாரும் இல்லை.

நண்பகல். உலை கொதிக்கும்போது அடுப்புக் கல் ஒன்று டப்பென்று வெடித்து இரண்டாகப் பிளந்தது. பானை சாய்ந்து பாதிச் சோறு மண்ணில். எரிச்சலில் கத்தினேன். கஸ்தூரி கரையிலிருந்து ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "அக்கா அழறாங்கம்மா. ஒடம்பு எரியுதாம்."

எந்த அக்காவடி? ஏரியைக் காட்டினாள்.

11-5, ஞாயிறு

வண்டி இன்னும் இறங்கியிருக்கிறது. முன் சக்கரம் ஈரத்தில். அதைவிட, அடுப்பு. நேற்றைய சாம்பல் அதே இடத்தில். கற்கள் மட்டும் தண்ணீர் ஓரத்தில். உடைந்த இரண்டு துண்டும்கூட. நாய் இழுத்திருக்கும் என்கிறார். எந்த நாய்? வந்ததிலிருந்து ஒரு நாய் குரைத்துக் கேட்கவில்லை.

கஸ்தூரி கஞ்சி குடிக்கவில்லை. "இன்னிக்கு ஆறு பேருதாம்மா வந்தாங்க. ஒரு எடம் காலியா இருக்குது, நீ வர்றியான்னு கேக்கறாங்க." கரைப் பக்கம் போகக் கூடாது என்று வண்டிக்குள் உட்கார வைத்தேன். கிளம்பலாம் என்றேன். அவர், மத்தியானம் மீன் பிடித்துவிட்டு என்கிறார்.

புல் அறுக்க ஒரு பெண் வந்தாள். அடுப்பைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே போட்டாள்.

"யாரு தல மேலம்மா சோறு ஆக்குற?"

அது ஏழு கன்னிமார். ஆடியில்தான் மஞ்சள் பூசுவார்களாம், மழையில் எல்லாம் கழுவிப்போயிற்றாம். "மரத்தடியில வரிசையா இருந்துச்சே, பாக்கறதில்லையா? பொழுது விடிஞ்சா குளிக்கப் போறவங்கம்மா அவங்க."

நாலும் மூன்றும் ஏழு. பிளந்த கல்லை அவள் தொடவே மாட்டேன் என்றாள். "ஒண்ணு கொறைஞ்சா வுட மாட்டாங்க. பொண்ண கைய வுடாத." புல்லைக்கூட எடுக்காமல் போய்விட்டாள்.

சக்கரத்துக்கு விறகுக் கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு நானே தூக்கினேன். எல்லாவற்றையும் மரத்தடியில் வைத்து, இருந்த மஞ்சள் பொடி முழுவதும் கரைத்துப் பூசினேன். பிளந்ததைச் சேர்த்து என் புடவைக் கிழிசலால் கட்டினேன். தெரியாமல் செய்துவிட்டோம் தாயே என்று விழுந்து கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார்.

திரும்பி வந்தால் வண்டிக்குள் கஸ்தூரி இல்லை.

கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். கடைசியில் நாங்கள் இப்போதுதான் விட்டுவந்த அந்த மரத்தடியில், கற்களின் வரிசைக்குக் கடைசியில் உட்கார்ந்திருந்தாள். தலை ஈரம். கண் ஏரியின் மேல். வாரித் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன். என்ன கனம். அவர் வண்டியைக் கிளப்பினார்.

திரும்பிப் பார்த்தேன். ஏழு. ஏழும் முழுசாக. கடைசிக் கல் மட்டும் மற்றதைவிடக் கொஞ்சம் சின்னது. நான் கட்டிய புடவைத் துணி மண்ணில் அவிழ்ந்து கிடந்தது.

12-5, திங்கள்

வீடு. மாரியம்மன் கோயில் தண்ணீர் வாங்கித் தெளித்தேன். வண்டியை விற்றுவிடுகிறேன் என்கிறார். கஸ்தூரி சாப்பிட்டாள், தூங்கினாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. களைப்பு. களைப்புதான்.

பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே திரும்புவதில்லை.

13-5, செவ்வாய்

புழுக்கம். காலையில் அவளைக் குளிப்பாட்டினேன். முதுகில் தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு கறுப்புக் கோடு, தீய்ந்த மாதிரி. கிணற்றடியிலிருந்தே அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வேர்க்குரு" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

சமையலறைக்குள் வரவே இல்லை. நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். வெல்லம் எடுத்து நீட்டினேன்.

"உள்ள வாடி."

"வேணாம். அடுப்பு இருக்குது."

"அடுப்பு உன்ன என்னாடி பண்ணும்?"

என்னை ஒருமுறைகூட நீங்க என்று கூப்பிடாத பெண். அமைதியாகச் சொன்னாள்: "நீங்கதான என்ன அதுல வெச்சீங்க."

அவர் வந்ததும் வண்டியை எடுக்கச் சொல்ல வேண்டும். இன்றே. என் பெண் அங்கே, மரத்தடியில், கடைசியாக, ஏரியைப் பார்த்துக்கொண்டு