தக்காளிக்குத் தண்ணீர்

டூட்டிங், லண்டன்
மே 1990

அன்பான என் மனைவிக்கு,

நேற்றுச் சிரித்த சிரிப்பில் விலா இன்னும் நோகிறது.

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரரான போலந்துக் கிழவரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். இளவயதில் தொழிலாளர் பக்கம் நின்று சொந்த நாட்டிலேயே சிறை போனவர், பிறகு அங்கேயே மந்திரியானவர். ஹிட்லரின் படை நுழைந்ததும் இங்கே தப்பி வந்து, ஹோட்டலில் வெள்ளிக் கரண்டி துலக்கினார். ஹிட்லருக்குப் பிறகு ரஷ்யாவின் பிடியில் விழுந்த நாடு விடுதலையாகாமல் திரும்புவதில்லை என்று ஐம்பது வருடம் பிடிவாதமாக இருந்தார். இப்போது அங்கே ஆட்சி மாறிவிட்டது! வார்சோவிலிருந்து அழைப்பும் வந்துவிட்டது.

நேற்று நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு என்னோடு டிக்கெட் எடுக்க வந்தார். கடையில் இருந்த பருத்தித்துறைப் பெண் என்னிடம், "ஐயாவுக்கு ஒன்வே தானே அண்ணை?" என்று கேட்டாள்.

கிழவருக்கு அந்த ஒன்வே விளங்கிவிட்டது. "ரிட்டர்ன்! என் தக்காளிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?"

"நான் ஊற்றுகிறேனே," என்றேன்.

"நீயா? அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன் என்று மூன்று வருடமாகச் சொல்கிறாய்!"

"அண்ணை, நல்லா மாட்டுப்பட்டியள்!" என்று அந்தப் பெண் மேசையில் கவிழ்ந்து சிரித்தாள்.

தோட்டத்தில் பாதியை அவர் எனக்கு விட்டிருக்கிறார். காய்க்கும்போது இங்கே இருக்கமாட்டேன் என்று நான் ஒன்றும் நடவில்லை. உம்மையும் வரவேண்டாம் என்றே எழுதிக்கொண்டிருந்தேன்.

உம்முடைய விசா அலுவலை இன்று தொடங்கிவிட்டேன். வரும்போது மிளகாய் விதை கொண்டு வாரும்.

இப்படிக்கு,
உம்முடைய பாதித் தோட்டக்காரன்