ஐயாக்கண்ணு வரும் தடம்

8 ஜூலை 1974, திங்கள்

காலையில் பதினேழாவது காப்பிச் செடி காலமாயிற்று. நேற்றுவரை பச்சை. இன்று இலைகள் உதிராமல் தொங்குகின்றன, தூக்கில் போட்டதுபோல. முப்பது வருடம் எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து வேலைக்கு வந்த ஆட்களின் பெயர் எழுதிய கை. செத்ததற்கும் எண் போடாமல் அதற்குத் தூக்கம் வராது.

செத்தவை எல்லாம் ஒரு வட்டமாக நிற்கின்றன. வட்டத்தின் நடுவில் நான் வெட்டிய நிழல் மரம், சில்வர் ஓக்கின் அடிக்கட்டை. அதைப் பற்றி இன்று எழுத விருப்பமில்லை.

10 ஜூலை

வேலைக்கு வரும் காளியப்பன் செடியைப் பிடுங்கி, வேர்ப்பட்டையை நகத்தால் உரித்துக் காட்டினான். உள்ளே கரித்தூளில் தோய்த்த கம்பளி நூல்போலக் கறுப்பாகப் படர்ந்திருந்தது.

"வேர்ப் பூஞ்சைங்க. கட்டையில இருந்து வருது." பிறகு என்னைப் பார்க்காமல், "அன்னைக்கே கேட்டனுங்க, பட்டை உரிக்காமயா வெட்டறதுன்னு."

கேட்டான். நிழல் மரத்தை வெட்டுமுன் அடியில் பட்டையை வளையமாக உரித்து, ஒரு வருடம் நின்றபடியே சாகவிட வேண்டும். வேரில் உள்ள சத்து தீர்ந்துபோனால் பூஞ்சைக்குத் தின்ன ஒன்றும் இராது. பச்சையாக வெட்டினால் கட்டை அதற்கு விருந்து. விருந்து முடிந்ததும் பக்கத்துச் செடியின் வேர். இந்த விதியை எஸ்டேட் பதிவேட்டில் நானே எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். கையெழுத்து அழகாக இருக்கும்.

19 ஜூலை, ஆடி அமாவாசை

நோய் எல்லைக்கல்லைத் தாண்டி, பக்கத்து நிலத்துக்காரி அத்தாயியின் தோட்டத்தில் இரண்டு வரிசையைத் தின்றுவிட்டது. எல்லைக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே இருப்பதே ஆறு வரிசை. அவளுக்கு வேறு நிலம் கிடையாது.

கடைசியாக வாடிய செடியின் அடியில் வாழையிலை விரித்துச் சாமைச் சோறு வைத்திருந்தாள். யாருக்கு என்றேன்.

"அவருக்குங்க," என்றாள், சந்தைச் சமாச்சாரம் சொல்வதுபோல. "மரம் இருந்த எடத்துல பொறப்பட்டு ஊட்டுக்கு வந்துட்டிருக்காரு. வருசத்துக்கு ரெண்டு வரிசை. உசுரோட இருக்கறப்பவே நொம்ப மெதுவாத்தான் நடப்பாரு."

அவர் என்றால் ஐயாக்கண்ணு, அவள் கணவர். இறந்து மூன்றரை வருடம். அந்த மரத்தை நட்டவர்.

20 ஜூலை

பேயை நான் நம்புவதில்லை. இலை காலியாக இருந்தது. காக்கைதான்.

2 ஆகஸ்ட்

காப்பி நோய்களைப் பார்க்கும் அதிகாரி நாகலூர் பஸ்ஸில் வந்தார். வாடிய செடிகளுக்கு வெளியே, நன்றாக இருக்கும் ஒரு வரிசையையும் சேர்த்து வளைத்து, இரண்டடி ஆழத்துக்குப் பள்ளம் வெட்ட வேண்டும். தோண்டிய மண்ணை நோய்ப் பக்கமே போட வேண்டும். உள்ளே உள்ளதைப் பிடுங்கி எரித்துச் சுண்ணாம்பு தூவ வேண்டும். வேரோ விறகோ பள்ளத்தின் குறுக்கே கிடக்கக் கூடாது. அதைப் பிடித்துக்கொண்டே பூஞ்சை தாண்டிவிடும்.

பள்ளம் அத்தாயியின் மூன்றாம் வரிசைக்கு அப்பால் வரும். அவள் சம்மதிக்க வேண்டும்.

4 ஆகஸ்ட்

சம்மதிக்கவில்லை.

"குழி வெட்டுனா அவரு எப்பிடிங்க தாண்டுவாரு? முட்டி வலிங்க அவருக்கு."

காளியப்பன் சிரித்துவிட்டான். "ஆத்தா, பேய்க்கு ஏதுங்க முட்டி?"

"உனக்கு மூளை இருக்குதுன்னு நாங்க நம்பலையா? அப்பிடித்தான்."

அவளிடம் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் என்னிடம் இருந்தது. சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

11 ஆகஸ்ட்

எழுதிவிடலாம். யார் படிக்கப் போகிறார்கள்?

அந்த மரம் என் சன்னல் வெளிச்சத்தை மறைத்தது. ஓய்வுபெற்ற பின் பகலெல்லாம் படிப்பது என்று முடிவு செய்திருந்தேன். என் அறிவு வளர்ச்சிக்கும் சூரியனுக்கும் நடுவில் அது நின்றது. இந்த நிலத்தை எனக்கு விலைக்குக் கொடுத்தபோது ஐயாக்கண்ணு ஒன்றே ஒன்று கேட்டார்: "நான் இருக்கற வரைக்கும் அதைத் தொடாதீங்க." வாக்குத் தவறவில்லை. கருமாதி முடிந்து நான்காம் நாள் வெட்டினேன். அவர் சாகும்வரை காத்திருந்த எனக்கு, மரம் சாகும்வரை ஒரு வருடம் காத்திருக்கப் பொறுமையில்லை.

இப்போது நல்ல வெளிச்சம். உட்கார்ந்தால் புத்தகம் தெரிவதில்லை, அந்த வட்டம்தான் தெரிகிறது. இன்று மூன்று மணிக்குப் பனிமூட்டத்தில் அங்கே யாரோ குனிந்து நின்றார்கள், ஒரு கையை முட்டியில் ஊன்றி. காளியப்பன் என்று நினைத்து இறங்கிப் போனேன். யாரும் இல்லை. காளியப்பன் காலையிலேயே மஞ்சக்குட்டைக்குப் போய்விட்டானாம்.

1 செப்டம்பர்

மூன்றாம் வரிசையில் ஒரு செடி தொங்கிவிட்டது. இனிப் பள்ளம் நான்காம் வரிசைக்கு அப்பால். நான் வாய் திறக்காததற்கு அவள் ஒரு வரிசை கொடுத்திருக்கிறாள்.

3 செப்டம்பர்

சொல்லிவிட்டேன்.

அவள் களை கொத்திக்கொண்டிருந்தாள். "வர்றது உங்க ஊட்டுக்காரர் இல்லீங்க. நான் பச்சையா வெட்டுன கட்டையில இருந்து வர்ற பூஞ்சை. தெரிஞ்சேதான் வெட்டினேன்."

கொத்து நின்றது.

"அப்ப ஒரு வருசமா நான் சோறு போட்டது உங்க பூஞ்சைக்குங்களா?"

ஆமென்று தலையை ஆட்டினேன்.

"எதுக்குங்க வெட்டுனீங்க?"

"படிக்க வெளிச்சம் வேணும்னு."

"படிச்சீங்களா?"

திட்டியிருந்தால் தேவலை. மறுபடி கொத்தத் தொடங்கியவள், முதுகைக் காட்டியபடியே சொன்னாள்: "வெட்டுங்க குழிய. ஆளு வேண்டாம். எம்பக்கம் நீங்களே வெட்டுங்க."

10 செப்டம்பர்

ஆறு நாள். அறுபத்தொரு வயதுக் கை கொப்புளமாகிவிட்டது. முதல் நாள் மண்ணை நல்ல பக்கம் வீசிவிட்டு, திரும்ப ஒவ்வொரு பிடியாகப் பொறுக்கினேன். அவளுடைய நான்கு வரிசையும் பிடுங்கியாயிற்று. அதில் ஒன்றரை வரிசைக்கு மேல் பச்சையாகவே நின்றது. கட்டையைக் காளியப்பன் தோண்டி எடுத்தான். எல்லாம் ஈரம், எரியாமல் புகைகிறது. புகை அவள் வீட்டுக்குள் போகிறது. அவள் கதவைச் சாத்தவில்லை.

16 அக்டோபர்

நேற்று அமாவாசை. இன்று பார்த்தால் பள்ளத்தின் குறுக்கே ஒரு மரப்பலகை.

"பலகை கூடாதுங்க. இத்தனையும் வீணாப் போயிரும்."

"பூஞ்சை உங்களுது. அவரு என்னவரு," என்றாள் அத்தாயி. "அது வராம இவரு வர்றதுக்கு வழி இருந்தாச் சொல்லுங்க. படிச்சவரு."

20 டிசம்பர்

மிஞ்சிய இரண்டு வரிசையில் அத்தாயி இன்று பழம் பறிக்கத் தொடங்கினாள். பள்ளத்துக்கு அப்பால் இதுவரை ஒரு செடியும் வாடவில்லை.

வாரம் ஒருமுறை பள்ளத்தில் விழுந்த சருகை வாரி எடுக்கிறேன். பலகை இப்போது இல்லை. அவள் கேட்டதற்கு மறுநாளே காளியப்பனும் நானும் கருங்கல் ஒன்றை நெம்பிக் கொண்டுவந்து குறுக்கே போட்டோம். தட்டையான பக்கம் மேலே வரட்டும் என்றேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை.

சருகு வாரப் போகும்போது நான் அந்தக் கல்லை மிதிப்பதில்லை. பள்ளத்தில் இறங்கித்தான் ஏறுகிறேன்.